பொலோனாவுக்கு முன்னால பார்த்திவபுரம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேச்சிப்பாறைல இருந்து பேசுறேன். பின்னால தவளை சத்தம் கேட்டா மன்னிச்சிருங்க, நேத்து ராத்திரி நல்ல மழை.

இத்தாலி எபிசோட் போட்டதுக்கு அப்புறம் உங்ககிட்ட இருந்து நிறைய வாய்ஸ் நோட்ஸ் வந்துச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "பொலோனா மாதிரி ஒரு பழைய யூனிவர்சிட்டி டவுனை டூரிஸ்ட்டா இல்லாம, அந்த ஊர்க்காரன் மாதிரி சுத்திப் பார்க்கணும். எப்படி?" நல்ல கேள்வி. ஆனா பிளைட் டிக்கெட் விலையையும் விசா அப்பாயின்ட்மென்ட்டையும் பார்த்தா, இந்த வருஷம் உங்கள்ல பாதிப் பேர் போகப்போறதில்ல. அதனால அதே கேள்வியை எங்க மாவட்டத்துல வச்சுப் பார்ப்போம்னு தோணுச்சு. சும்மா ஆறுதலுக்குச் சொல்லல. கன்னியாகுமரி மாவட்டத்துல, முஞ்சிறைக்குப் பக்கத்துல, பார்த்திவபுரம்னு ஒரு ஊர் இருக்கு. அங்க ஒரு கல்விச்சாலை தொடங்கின வருஷம் கி.பி. 866. பொலோனா யூனிவர்சிட்டி தனக்குச் சொல்லிக்கிற வருஷம் 1088. இருநூறு வருஷத்துக்கு மேல நம்ம ஊர் முந்தி.

ஒண்ணு சொல்லிடுறேன். 'உலகத்தோட முதல் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டுல'ன்னு தலைப்பு போட்டு வாட்ஸாப்ல பார்வர்ட் பண்றதுக்கு நான் இதைச் சொல்லல. அங்க நடந்தது இன்னைய அர்த்தத்துல பல்கலைக்கழகம் இல்ல. தங்கிப் படிக்கிற ஒரு வேதக் கல்விக்கூடம், ஒரு கோயிலோட சேர்ந்தது. அதைப் பத்தி நமக்கு இவ்வளவு தெரியுறதுக்குக் காரணம் ஒரு செப்பேடு. ஆய் மன்னன் கோ கருநந்தடக்கன் வெட்டிக் கொடுத்தது. பிற்காலத்துல திருவனந்தபுரம் ஹஜூர் அலுவலகத்துல இருந்ததால ஆராய்ச்சியாளர்கள் அதை ஹஜூர் செப்பேடுன்னு சொல்றாங்க. தொல்லியல் அறிஞர் டி. ஏ. கோபிநாத ராவ் அதைப் படிச்சு 'திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை'யோட முதல் தொகுதியில வெளியிட்டார்.

இந்தச் செப்பேட்டுல எனக்குப் பிடிச்ச சங்கதி தேதி. வெறுமனே மன்னனோட ஆட்சியாண்டை மட்டும் போட்டு விடல. கலியுகம் தொடங்கி 14,49,087-ஆம் நாள்னு நாளையே எண்ணி வச்சிருக்கான். யாரோ ஒருத்தர் உக்காந்து அத்தனை நாளையும் கணக்குப் போட்டிருக்கார். அந்தக் கணக்கை இன்னைக்குத் திருப்பிப் போட்டா 866-ஆம் வருஷம் ஜூலை மாசத்துல வந்து நிக்குது. எங்க ஊர் மழைக்காலம். தவளை அன்னைக்கும் கத்தியிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முஞ்சிறைச் சபையாரோட நிலம் ஒண்ணு, பேரு உழக்குடிவிளை. அதுக்குப் பதிலா வேற நிலம் கொடுத்து மன்னன் அதை வாங்குறான். கோயில் கட்டுறான், விஷ்ணுவை வைக்கிறான், ஊருக்குப் பார்த்திவசேகரபுரம்னு பேர் வைக்கிறான். கூடவே 95 சட்டர்களுக்கு ஒரு சாலை. சட்டர்னா மாணவர். நம்ம தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல கிளாஸ் லீடரைச் சட்டாம்பிள்ளைன்னு சொல்வாங்கல்ல, அந்தச் சொல்லும் இதுவும் ஒட்டுறவுன்னு சொல்றவங்க உண்டு. சாலைன்னா இன்னைக்கு நமக்கு ரோடு. அன்னைக்கு அது படிக்கிற இடம், தங்குற இடம், சாப்பிடுற இடம். மூணும் சேர்ந்தது.

அந்த 95 சீட்டும் எப்படிப் பிரிஞ்சிருக்கு தெரியுமா? பவிழிய சரணத்துக்கு 45, தைத்திரிய சரணத்துக்கு 36, தலவகார சரணத்துக்கு 14. இதெல்லாம் வேதப் பிரிவுகள். அதாவது அட்மிஷன்ல ஓபன் கோட்டாவே கிடையாது. உள்ள வர்றவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னும் எழுதியிருக்கு. வியாகரணம் தெரியணும், மீமாம்சை தெரியணும், புரோகிதம் தெரியணும், அதோட மூணு ராஜ்ஜியத்து நடைமுறை தெரியணும். கடைசி ஐட்டத்தைக் கவனிங்க. மூணு ராஜ்ஜியம்னா சேர, சோழ, பாண்டிய நாடு. மந்திரம் படிச்சா மட்டும் பத்தாது, நிர்வாகமும் புரியணும்.

ஹாஸ்டல் ரூல்ஸும் இருக்கு. இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் நிமிர்ந்து உக்காருவீங்க. ஒருத்தரை ஒருத்தர் திட்டக் கூடாது, திட்டினா பொன்னுல அபராதம். கூட்டத்துக்கு ஆயுதத்தோட வரக் கூடாது. சாலைக்குள்ள சூதாடக் கூடாது. மடத்துல வெள்ளாட்டிகளை வச்சுக்கக் கூடாது. வெள்ளாட்டின்னா பணிப்பெண். மீறினா அபராதம், சாப்பாட்டுல கை வைக்கிற தண்டனை. மெஸ் கட்! [சிரிப்பு] ஆயிரத்து நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாலயே.

ஒரு ரூல் எதுக்கு எழுதுறாங்க? அது நடந்துக்கிட்டு இருக்கறதாலதான எழுதுறாங்க. ஆயுதம் கொண்டுவராதேன்னா கொண்டுவந்தவன் இருந்திருக்கான். வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன், இந்தச் சாலைகள் எல்லாம் வேதத்தோட ஆயுதப் பயிற்சியும் நடந்த இடங்கள்னு பார்க்குறார். செப்பேட்டுல இந்த விதிகள் காந்தளூர் மரியாதைப்படின்னு இருக்கு. மரியாதைன்னா இங்க வழக்கம், சட்டதிட்டம். அதாவது காந்தளூர்ல ஏற்கெனவே ஒரு பெரிய சாலை இருந்திருக்கு, அதை மாடலா வச்சு இங்க கிளை மாதிரி ஒண்ணு. ராஜராஜ சோழனோட மெய்க்கீர்த்தியில முதல் வெற்றியா வர்றதே அந்தக் காந்தளூர்ச் சாலைதான். அங்க அவன் 'கலம்' அறுத்தான்னு வரும். கலம்னா கப்பலா, சாப்பிடுற பாத்திரமா, வேற ஏதாவதான்னு நூறு வருஷமா சண்டை. எங்க தேரூர்க்காரர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, காந்தளூர்ச் சாலையைப் பத்தித் தனியாவே ஆராய்ச்சி எழுதியிருக்கார். பள்ளிக்கூடப் புத்தகத்துல குழந்தைப் பாட்டு எழுதினவராத்தான் அவரை நமக்குக் காட்டினாங்க.

இப்போ பொலோனாவுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம், ஏன்னா இங்கதான் உங்க கேள்வி எனக்குச் சிக்கலாச்சு. 'ஊர்க்காரன் மாதிரி.' பொலோனாவுல படிக்க வந்தவங்க பெரும்பாலும் வெளியூர்க்காரங்க. ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலியோட வேற நகரங்கள். வெளியூர்ல சட்டப் பாதுகாப்பு இல்லாததால அவங்க ஒண்ணு சேர்ந்து ஒரு சங்கம் வச்சாங்க, அதுக்குப் பேர்தான் யூனிவர்சிட்டாஸ். அவங்களே வாத்தியாரை வேலைக்கு எடுத்தாங்க, லேட்டா வந்தா வாத்தியாருக்கே அபராதம் போட்டாங்க. நம்ம பார்த்திவபுரத்துக்கு நேர் தலைகீழ். ஆனா அந்தச் சங்கத்துல பொலோனா ஊர்க்காரன் சேர முடியாது. அவன் வீட்டு ஓனர். ரூம் வாடகைக்கு விடுறவன். அந்த ஊர்ல 62 கிலோமீட்டருக்கு நீளுற தூண் வச்ச நடைபாதைகள் இருக்கே, யுனெஸ்கோ 2021-ல பட்டியல்ல சேர்த்துச்சே, அது வளர்ந்த கதைல ஒரு பங்கு வாடகைக்கு உண்டு. ஊர்ல கூட்டம் பெருகப் பெருக, மாடியைத் தெருப்பக்கம் இழுத்துக் கட்டி, கீழ தூண் கொடுத்தாங்க. 1288-ல புதுசா வீடு கட்டுறவன் நடைபாதை விட்டுத்தான் கட்டணும்னு நகரமே சட்டம் போட்டுச்சு.

ஆக, யூனிவர்சிட்டி டவுன்ல 'லோக்கல்'ன்னா கேட்டுக்கு வெளிய நிக்குற ஆள். சோறு போடுறவன், ரூம் கொடுக்குறவன், துணி வெளுக்குறவன், வயல்ல நிக்குறவன். பார்த்திவபுரத்துல இது இன்னும் கறாரா இருந்துச்சு. 95 பேரும் படிக்கிறதுக்கு வேண்டிய நெல் யாரோ விளைவிச்ச நெல். அவங்க பிள்ளைக்கு அந்த மூணு சரணத்துல எதுலயும் இடம் கிடையாது. செப்பேட்டுல அவங்களைத் தேடினா அங்கங்க தலை காட்டுவாங்க. வெள்ளாட்டியை மடத்துல வைக்காதேங்கிற விதியில ஒரு பெண் வர்றா. படிக்கிறவளா இல்ல, தடை பண்ண வேண்டிய பொருளா.

அதனால, பார்த்திவபுரத்தை ஊர்க்காரங்க மாதிரி பார்க்கணும்னா எங்க ஆத்தைப் பிடிச்சுக்கிட்டு மேலருந்து கீழ வாங்கன்னு நான் சொல்வேன். ரெண்டு நாள் போதும். கார் வேண்டாம், பஸ்ஸுல வாங்க.

ஆரம்பம் பேச்சிப்பாறை. கோதையாத்துக்குக் குறுக்க இருக்குற அணை, 1897-ல தொடங்கி 1906-ல முடிஞ்சது. மூலம் திருநாள் காலம். கட்டின இஞ்சினியர் மின்சின், அவரோட கல்லறை அணைக்குப் பக்கத்துலயே இருக்கு. எல்லாரும் அதைப் பார்க்குறாங்க, பார்க்கலாம். கல் சுமந்தவங்களுக்குக் கல்லறை இல்ல. சுத்தி மலைல காணி மக்கள் இருக்காங்க, அவங்க குடியிருப்புக்குள்ள கேமராவைத் தூக்கிக்கிட்டு நீங்களா நுழையாதீங்க, அவ்வளவுதான் என் கோரிக்கை. காலைல அணைப் பக்கம் ஒரு நடை. கீழ வந்து ஏதாவது சாயாக்கடைல புட்டும் பயறும் பப்படமும். கூட மட்டிப்பழம். சுண்டுவிரல் நீளத்துல, வாசமா இருக்கும். எங்க மாவட்டத்துப் பழம், 2023-ல புவிசார் குறியீடு வாங்கிருச்சு. புட்டை ஸ்பூன்ல சாப்பிடாதீங்க. பழத்தைப் பிசைஞ்சு கைல சாப்பிடுங்க. இது ரூல். மெஸ் கட் பண்ணிருவேன்.

அங்கருந்து குலசேகரம் வந்தா பக்கத்துல திருநந்திக்கரை. பாறையைக் குடைஞ்ச கோயில். சுவத்துல பழைய ஓவியத்தோட மிச்சம் தெரியும், ரொம்ப மங்கல், டார்ச் அடிக்காம கண்ணைப் பழக்கிப் பாருங்க. ராஜராஜனோட 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்க இருக்கு. ஐப்பசி சதயத்துக்கு, அதாவது அவன் பிறந்த நட்சத்திரத்துக்கு, திருவிழா நடத்த முட்டம்ங்கிற ஊரை மும்முடிச்சோழநல்லூர்னு பேர் மாத்திக் கொடுத்திருக்கான். ஜெயிச்ச ராஜா முதல்ல செய்யுற வேலை பேர் மாத்துறது. ஆனா கடற்கரைக்குப் போற பஸ்ல போர்டைப் பாருங்க, இன்னைக்கும் முட்டம்தான் எழுதியிருக்கும். அதே மாதிரி உழக்குடிவிளை. அதை வாங்கி மன்னன் பார்த்திவசேகரபுரம் ஆக்கினான். ஆனா அந்த 'விளை' சாகல. விளைன்னா மேட்டு நிலம், தோப்பு. எங்க மாவட்டத்துல எந்த பஸ் ஸ்டாப்ல நின்னாலும் நாலு ஊர் பேர் விளைல முடியும். செப்பேட்டுச் சொல்லு இன்னும் கொரியர் அட்ரஸ்ல ஓடிக்கிட்டு இருக்கு.

ரெண்டாம் நாள் காலைல சிதறால். மார்த்தாண்டத்துல இருந்து பக்கம்தான். இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுராதீங்க. திருச்சாரணத்து மலைன்னு பழைய பேர். சமணர் மலை. ஏறுறதுக்குக் கல் பாவின பாதை, மேல பாறையில வரிசையா தீர்த்தங்கரர்கள், அம்பிகை. பாறைக்கு இடுக்குல நுழைஞ்சா கோயில். 13-ஆம் நூற்றாண்டு வாக்குல அது பகவதி கோயிலாச்சு. இங்க ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கு. கருநந்தடக்கனுக்கு அப்புறம் வந்த விக்கிரமாதித்த வரகுணனோட 28-ஆம் வருஷம். அரிட்டநேமி படாரர்ங்கிற சமண ஆசிரியரோட மாணாக்கியார், குணந்தாங்கிக் குரத்தி, இந்த மலையில இருக்குற படாரியாருக்குப் பொன் நகை கொடுத்ததைச் சொல்லுது.

மாணாக்கியார். பெண் மாணவர். குரத்தின்னா பெண் குரு. படிச்சு முடிச்சு ஆசிரியர் பட்டம் சுமந்தவங்க, சொந்தமா பொன் தானம் பண்ணுற அளவுக்கு நிலையில இருந்தவங்க. பொலோனாவுல லாரா பஸ்ஸின்னு ஒரு பெண் டாக்டர் பட்டம் வாங்கி இயற்பியல் பாடம் எடுக்க உள்ள வந்தது 1732-ல. அதை அந்த ஊர்ல பெருமையாச் சொல்வாங்க, சொல்லட்டும், பெரிய விஷயம்தான். ஆனா குணந்தாங்கியோட பேரை எங்க மாவட்டத்துல எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்காவது அவங்க பேரை வச்சிருக்கலாம். கிட்டத்தட்ட அதே காலத்துல, அதே ஆத்துப் படுகைல, கீழ ஒரு கல்விக்கூடத்துல பெண் தடை செய்யப்பட்ட சங்கதி, மேல மலைல பெண் ஆசிரியர். பள்ளிங்கிற சொல்லே சமணரும் பௌத்தரும் தங்கின இடத்தோட பேர்தான். அவங்ககிட்ட போய்ப் படிச்சதாலதான் பள்ளிக்கூடம்னே சொல்றோம். வேதச் சாலை நம்ம நாக்குல ரோடா மாறிடுச்சு, பள்ளி பள்ளிக்கூடமாவே நின்னுருச்சு. எனக்கு இதுல ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

சிதறால்ல இருந்து இறங்கி மார்த்தாண்டம், அங்க மதியச் சாப்பாடு. சம்பா அரிசிச் சோறு, மீன் கறி, கூட மரச்சீனிக் கிழங்கு. கிழங்கும் மீனும் மட்டும் சாப்பிட்டு எழுந்திருச்சாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் புதுக்கடைப் பக்கம் போற பஸ். கண்டக்டர்கிட்ட கேளுங்க, எறங்கி மாறுற இடத்தை அவரே சொல்வார். பாதி மலையாளம் மாதிரிக் கேட்கும், பயப்படாதீங்க, 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூர்-கொச்சி. நாங்க பேசுறதைக் கேட்டு நீங்க மலையாளியான்னு மட்டும் கேட்காதீங்க. சென்னைல தினம் ஒருத்தர் என்கிட்ட கேட்குறார்.

பார்த்திவபுரம் போனா வகுப்பறையைத் தேடாதீங்க. சாலைக் கட்டடம்னு காட்ட அங்க ஒண்ணும் இல்ல. கோயில் இருக்கு, தென்னை இருக்கு, சுத்தி வீடு இருக்கு. மத்தியானம் போனா நடை சாத்தியிருக்கும். இந்தப் பக்கம் கோயில்கள் பொதுவா காலைல 11 மணி வாக்குல மூடிட்டு, சாயங்காலம் 5 மணி போலத் திறக்கும். நிறையக் கோயில்ல ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும். அந்த இடைப்பட்ட நேரத்துல வெளிய சுத்துங்க. நான் அதைத்தான் விரும்புவேன். ஏன்னா இந்த ஊர்ல பெரும்பாலான குடும்பங்களோட தாத்தா பாட்டிக்குத் தெரிஞ்ச பார்த்திவபுரம் அந்த வெளிப்பக்கம்தான். திருவிதாங்கூர்ல கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12. 866-க்கும் 1936-க்கும் நடுவுல ஆயிரத்து எழுபது வருஷம். அவ்வளவு காலமும் நிலத்தை உழுத சனங்கள்ல பெரும்பகுதிக்கு இந்தச் சுவருக்கு உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வழியில்ல. 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்'னு பாக்கேஜ் விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

அந்தச் சனங்க அப்புறம் எங்க படிச்சாங்க? பார்த்திவபுரத்துக்கு வெளிய. 1809-ல தொடங்கின மிஷன் செமினரி ஒண்ணு பின்னாடி நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாச்சு. தோள்சீலைப் போராட்டம் நடந்துச்சு. சாமித்தோப்புல வைகுண்டர் வந்தார். தெருத்தெருவா பள்ளிக்கூடம் வந்துச்சு. 2011 கணக்கெடுப்புல எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதல் மாவட்டம் இதுதான். இதையெல்லாம் பார்க்குறதுக்குத் தனி டூர் வேண்டாம். சாயங்காலம் நாலரை மணிக்கு மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. பேக்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பழம்பொரியைக் கடிச்சுக்கிட்டு, ஓடிவந்து பஸ்ல ஏறுற பிள்ளைங்களை எண்ணிப் பாருங்க. ஒரே பஸ்ல 95 பேர் ஏறிருவாங்க.

டைமிங் பத்தி நிறையப் பேர் கேட்பீங்க. ஜூன், ஜூலை மழையும் பச்சையும் பிடிச்சவங்களுக்கு. கூட்டமும் கூச்சலும் பிடிச்சவங்க சிவராத்திரிக்கு வாங்க. முஞ்சிறைத் திருமலைக் கோயில்ல இருந்து சிவாலய ஓட்டம் தொடங்கும். காவி வேட்டி, கைல விசிறி, "கோவிந்தா கோபாலா"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே பன்னிரண்டு சிவன் கோயிலை ஓடியும் நடந்தும் முடிப்பாங்க. சிவன் கோயிலுக்கு ஓடுறவன் ஏன் கோவிந்தான்னு கத்துறான்னு வழியில யார்கிட்டயாவது கேளுங்க, ஆளுக்கொரு கதை சொல்வாங்க. வழி நெடுக மோரும் கஞ்சியும் வச்சுக்கிட்டு வீட்டு வாசல்ல ஜனம் நிக்கும். நீங்க ஓடலைன்னாலும் ஒரு கோயில்ல இருந்து அடுத்த கோயிலுக்கு நடந்து பாருங்க. நீங்க யாரு, எந்த ஊரு, என்ன படிச்சிருக்கீங்கன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க, குடிக்கத் தருவாங்க.

தங்குறதுக்கு மார்த்தாண்டத்துலயோ குலசேகரத்துலயோ லாட்ஜ் பார்த்துக்கங்க. குடை எடுத்துட்டு வாங்க, எந்த மாசமா இருந்தாலும். திரும்பிப் போறப்ப மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில் வாங்கிக்கங்க.